பெட்டியா, கையா

அந்தப் பெட்டியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ ஆசையோடு அதைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

சீர் கொண்டுவருவது பெண் வீட்டார் வேலை. எங்கள் வீட்டில், என் கல்யாணத்தில், மாப்பிள்ளை கொண்டுவந்தார். ஒரு எலக்ட்ரிக் கித்தார், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையர். கறுப்பு ரெக்சின் போர்த்திய பெட்டி, முன்னால் சாம்பல் துணி, மேலே வரிசையாகக் குமிழ்கள். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இளவட்டமாக இருந்த காலத்தில் என் வீட்டுக்காரரும் கூட்டாளிகளும் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். தோட்டத்தை விற்று எண்ணெய்ப்பனை நட்டபோது ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். டிரம்ஸ் ஒருவருக்கு, ஒலிபெருக்கி ஒருவருக்கு, இந்தப் பெட்டி இவருக்கு. ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அதற்குக் கிடைத்த ஒரே வேலை, மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டையைத் தாங்குவது. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். விடியுமுன் எழுந்து போகிறவருக்குக் கித்தார் வாசிக்க நேரம் ஏது?

போன வருஷம் தைப்பூசம் முடிந்த கொஞ்ச நாளில், காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது கை கேட்கவில்லை என்றார். ஏதோ பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்வது போலச் சொன்னார். பக்கவாதம். பெரியாஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். கால் திரும்ப வந்தது, பேச்சு போகவே இல்லை. இடது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. தோளும் முழங்கையும் சொன்னதைக் கேட்டன, விரல்கள் கேட்கவில்லை. பஸ் வேறு ஆளிடம் போயிற்று. அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வரும். அப்புறம் கோபம் வந்ததே என்று அழுகை வரும்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்தவள் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு. துணி மாட்டும் கிளிப்புகளை ஒரு கம்பியில் மாட்டி மாட்டி எடுக்கச் சொன்னாள். அது பொம்பளை வேலை என்று இவர் என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். இத்தனை வருஷம் உங்கள் சட்டையை அந்தக் கிளிப்பில் மாட்டியவள் நான்தான், ஒருநாள் நீங்களும் மாட்டிப் பாருங்கள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு எங்கள் சண்டை புரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு, முன்பு கையால் என்ன செய்யப் பிடிக்கும் என்று மலாயில் கேட்டாள். பஸ் என்று சொல்வார் என நினைத்தேன். கித்தார் என்றார்.

அவளுக்கு ரொம்ப சந்தோஷம். இடது கை விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தந்தியை அழுத்த வேண்டும், இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, தினமும் வாசிக்கட்டும் என்றாள். முதல் ஒரு வருஷத்தில்தான் கை நன்றாகத் திரும்பும், அதற்குப் பிறகு மெதுவாகிவிடும் என்றும் சொன்னாள். அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வருஷத்தில் பாதி ஏற்கெனவே போயிருந்தது.

பீரோவுக்குப் பின்னாலிருந்து கித்தார் வந்தது. ஆனால் எலக்ட்ரிக் கித்தார் பெட்டி இல்லாமல் வாசித்தால் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரித்தான் கேட்கும். மற்றவர்களுக்கு அது போதும். இவருக்குப் போதாது. ஏனென்றால் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்துவிட்டது. தந்தியை முழுசாக அழுத்துகிறோமா, பாதி அழுத்துகிறோமா என்று விரல் அவருக்குச் சொல்லாது. சத்தம்தான் சொல்ல வேண்டும். சரியாக அழுத்தினால் மணி போலக் கேட்கும், அரைகுறையாக அழுத்தினால் டப்பென்று செத்துப்போகும். விரல் ஊமையாகிவிட்டதால் அதற்குப் பதிலாகப் பெட்டி பேச வேண்டும் என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நாள் ஆயிற்று.

அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டியை இழுத்துவந்து சொருகினோம். மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி ஒரு உறுமல். கித்தார் சத்தம் அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தது. குமிழைத் திருப்பினால் கரகரவென்று எரிச்சல். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, செத்துப்போச்சு என்றார். பெட்டியைச் சொன்னாரோ, வேறு எதைச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் செமோர் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை செய்தேன். சர்க்யூட் பலகைகள் வரிசையாக வரும், நான் சால்டரிங் வைப்பேன், பலகை அடுத்தவளிடம் போகும். ஈயம் எப்போது உருகும், பளபளப்பு எப்படி மங்கினால் ஒட்டு கெட்டது என்று அர்த்தம், எல்லாம் கைக்குத் தெரியும். ஆனால் அந்தப் பலகை எதற்குள் போகிறது, அது என்ன செய்யும் என்று ஒருநாளும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. வாழ்நாளில் பாதி மின்சாரச் சாமான் செய்த எனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது, பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்த அன்றுதான் உறைத்தது.

கைப்பேசியில் வீடியோ பார்த்தேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், இது ரொம்ப சுலபம் என்று ஆரம்பித்தார். அவர் சுலபம் என்று சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. ஒன்று மட்டும் பிடிபட்டது. உறுமல் வந்தால் முதலில் மாற்ற வேண்டியது பெரிய கப்பாசிட்டர்கள். பார்க்க சின்ன பால் டின் மாதிரி இருக்கும், வயசானால் உள்ளே காய்ந்துவிடும். இன்னொன்றும் அவர் சொல்லியிருக்கிறார், நான்தான் சரியாகக் கேட்கவில்லை. சொருகியதைக் கழற்றினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூ டிரைவர் பட்டதும் பட்டாசு மாதிரி ஒரு வெடி. நான் நாற்காலியோடு பின்னால் போனேன். என் வீட்டுக்காரர் டிவி முன்னாலிருந்து ஓடிவந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

ஈப்போ டவுனில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சீனர் கடைக்குப் பழைய கப்பாசிட்டரைக் கைப்பையில் போட்டு எடுத்துப்போனேன். கடை முதலாளி, அந்தத் தவுக்கே, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைவிட புதுப் பெட்டி வாங்கலாமே என்றார். வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு இந்தப் பெட்டியின் சத்தம்தான் பழக்கம் என்றேன். அவர் இரண்டு புதுசை எடுத்துக் கொடுத்தார். வால்யூம் குமிழ் கரகரப்பதையும் சொன்னேன். அதன் உள்பாகம் தேய்ந்திருக்கும், அது கையிருப்பில் இல்லை, வரவழைத்துத் தருகிறேன், அதுவரை இதை அடித்துச் சமாளியுங்கள் என்று ஒரு ஸ்பிரே டப்பாவும் தந்தார்.

கப்பாசிட்டரை மாற்றினேன். கை மறக்கவில்லை. ஈயம் உருகி வழிந்து ஒட்டிக்கொண்டபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. சொருகியதும் உறுமல் காணாமல் போயிருந்தது. அவர் வலது கையால் ஒரு தந்தியைத் தட்டினார். சுத்தமான சத்தம் கூடத்தில் நின்றது. நான் கையைத் தட்டினேன், வெட்கமில்லாமல் தட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் வாசித்தார். வாசித்தார் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஆட்காட்டி விரலை ஒரு தந்தியில் வைப்பார், தட்டுவார். டப். மறுபடி வைப்பார். டப். எப்போதாவது ஒன்று மணி போல வரும். அப்போது சமையலறையைத் திரும்பிப் பார்ப்பார், நான் கேட்டேனா என்று. நான் கேட்காமல் இருந்ததே இல்லை. ஆட்காட்டி விரல் வந்தது, நடுவிரலும் வர ஆரம்பித்தது. வால்யூம் பாகம் எப்படியும் வரப்போகிறது, மறுபடி கழற்ற வேண்டுமே என்று பின்பலகையை மாட்டாமல் ஒரு அட்டையைச் சாத்திவைத்திருந்தேன்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு எங்கள் வீட்டுப் பஸ்தான் ராஜா. கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பெரிய பூஜை. பஸ் முகப்பில் பொட்டு வைத்தால் மட்டும் இவருக்குப் போதாது. பானட்டைத் தூக்கி எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வேலை செய்வது எஞ்சின், வெளியே இருக்கிற தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன புண்ணியம் என்பார். போன வருஷம் பஸ் இல்லை. வாசல் வெறிச்சென்று இருந்தது. நான் வாஷிங் மெஷினுக்கு வைத்தேன், சோறு வேக வைக்கும் குக்கருக்கு வைத்தேன், அரிவாள்மணைக்கு வைத்தேன். கித்தாருக்கும் பெட்டிக்கும் அவரே வைக்கட்டும் என்று சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தேன். பன்னீர் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன், சந்தனம் தண்ணியாகத்தான் இருந்தது.

கிண்ணத்தை அவர் இடது கையில் வாங்கினார். கிண்ணம் ஆடியது, ஆனால் விழவில்லை. வலது கை மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைத்து, நான் நீட்டிய குங்குமத்தையும் அதன் மேல் வைத்துக்கொண்டே வந்தார். கித்தாருக்கு வைத்தார். அப்புறம் பெட்டியின் பின்னால் போய் அட்டையை விலக்கி, உள்ளே இருந்த பலகைக்கும் வைத்தார். எஞ்சினுக்கு வைக்கிற பழக்கம். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தேன் என்று சொன்னாலும் என் கண் முழுக்க அந்த இடது கையில்தான் இருந்தது. சூடம் காட்டி முடிகிறவரை கிண்ணத்தை அவர் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் சாமியிடம் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் முதல் குழப்பம் ஆரம்பித்தது.

காலையில் நன்றாக வாசிப்பார். மதியத்துக்கு மேல் உட்கார்ந்தால் எல்லாம் கெட்டுப்போகும். நன்றாக வந்துகொண்டிருந்த ஆட்காட்டி விரல்கூட டப்பென்று விழும். சத்தம் கம்மும், இழுபடும், நடுவே மொரமொரவென்று ஏதோ சேர்ந்துகொள்ளும். சில நாள் மதியமும் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது. ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் கேட்டேன். பக்கவாதம் வந்த கை மதியத்துக்கு மேல் களைத்துவிடும், அது சாதாரணம் என்றாள். அப்படியானால் விரல். வீட்டுக்கு வந்து பெட்டியைத் தட்டினால் மொரமொர. அப்படியானால் பெட்டி. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனால் எது எதைக் கெடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்யூம் பாகம் வந்தது, மாற்றினேன். மாறவில்லை. கித்தார் வயரை மாற்றினேன். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்த ஒட்டுகளையெல்லாம் மறுபடி உருக்கி வைத்தேன். பக்கத்து வீட்டு ஏர்கோன் மெஷின்தான் காரணம் என்று ஒருநாள் முடிவு செய்து அவர்களிடம் போய்க் கேட்கக்கூடப் பார்த்தேன். உள்ளே பல்லி போயிருக்கும் என்று ஒருநாள் டார்ச் அடித்துத் தேடினேன். தாடிக்காரர் இன்னும் சுலபம் சுலபம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கைப்பேசியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

ஒரு சாயங்காலம் ஆயர் தாவாரிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி வந்தார். குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், இப்போது பனைக்குலை லோரி ஓட்டுகிறார். நல்ல மழை. இவர் வாசித்துக் காட்டினார். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. கூட்டாளி காபியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, கை நல்லாத்தான் இருக்கு. பொட்டிதான் கிழவனாயிருச்சு லா" என்றார். இவர் முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை. அந்த மனிதர் நல்லவர், நல்லவர்கள் சொல்லும் தீர்ப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் அவருக்கு இன்னொரு காபி போடப் போனேன்.

அவர் போன பிறகு இவர் என்னைக் கூப்பிட்டார். கித்தார் மடியில் இருந்தது.

"தப்பு எங்க இருக்கு? என் விரல்லயா, பொட்டிலயா? அத மட்டும் சொல்லு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் இத்தனை நாள் குனிந்து குனிந்து முதுகு வலி, மாற்றிய சாமானெல்லாம் வீண், கேட்கிற தொனியோ நான் ஏதோ ஒளித்துவைத்திருக்கிற மாதிரி. "பொட்டில பாக்க இனி ஒண்ணும் இல்லங்க" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அவர் கித்தாரை எடுத்துப்போய்ப் பீரோவுக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் வாசிக்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். கிளிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் படம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன், பெட்டியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். தலையாட்டினார். வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மலாய்ப் பெண் சொன்ன கெடு ஒவ்வொரு காலையும் என்னோடு சேர்ந்து எழுந்தது.

ஒரு மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. கொடியிலிருந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், என்ன நினைத்தேனோ, பீரோவுக்குப் பின்னாலிருந்து கித்தாரை எடுத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. எந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாததால் எங்கேயும் வைக்கவில்லை. பெட்டியில் சொருகி, சத்தத்தைக் குறைத்து, வெறும் தந்தியை வலது கையால் தட்டினேன். மொர. தட்டினேன். கம்மி, இழுபட்டு, செத்தது.

இடது கை விரல் தந்தியைத் தொடவே இல்லை. விரலுக்கு இதில் வேலையே இல்லை. இவ்வளவு லேசான காரியம் இத்தனை வாரமாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கித்தார் பிடித்தவர், நான் பேக்டரியில் கிழவியானவள், இரண்டு மேதாவிகள். விரலைச் சோதிக்க வேண்டும் என்ற பயத்தில் விரலை எடுத்துவிட்டுச் சோதிக்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது.

சொருகியதைக் கழற்றி, கப்பாசிட்டர் அடங்கட்டும் என்று காத்திருந்து, அட்டையை எடுத்தேன். டார்ச் அடித்தேன். பலகையில் அவர் வைத்த பொட்டு. அதை நான் தினம் தினம் பார்த்திருக்கிறேன், மாரியம்மன் கோயில் குங்குமம் பைக்கிலும் காரிலும் இருப்பது போல அதுவும் அங்கே இருந்தது. இருக்க வேண்டியது இருக்கிறது என்று கண் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு விரலை அதன் மேல் வைத்தேன். காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டிய பொட்டு ஈரமாக இருந்தது. குங்குமம் என் விரலில் ஒட்டியது. மதியத்துக்கு மேல் வரும் மழைக் காற்றைக் குடித்துக் குடித்து இளகியிருக்கிறது. தண்ணியான சந்தனம் வழிந்து, கித்தார் வயர் வந்து சேரும் இடத்தில், பக்கத்துப் பக்கத்துச் செம்புக் கோடுகளுக்கு நடுவே பாலம் கட்டியிருந்தது. பேக்டரியில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு பிசிறு ஈயம் இருந்தாலே பலகையை ஒதுக்கிவிடுவோம். பிசிறு ஈயத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண்ணுக்குப் பொட்டு தெரியவில்லை. பொட்டைக் குறையாகப் பார்க்க யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

துடைக்கக் கை வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வைத்த பொட்டை நாமே துடைப்பதா என்று மனசு இடித்தது. சாமி படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உன் பெயரால் வைத்தது, அவருக்காகத்தான் எடுக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். பழைய பல்துலக்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து கோடு கோடாகத் தேய்த்துத் துடைத்தேன். பஞ்சு சிவந்து சிவந்து வந்தது. கட்டிக்கொடுத்த எங்கள் மகள் விட்டுப்போன முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக் காயவைத்தேன். அந்தச் சத்தத்தில் அவர் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

பஞ்சைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் தந்தியைத் தட்டிப் பார்த்ததையும் சொன்னேன். அவர் பஞ்சைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். நிற்காமல் சிரித்தார், கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"அப்ப என் விரல் இல்ல" என்றார்.

"இல்லங்க" என்றேன். நானும் சிரித்தேன். அவ்வளவு நாள் குழப்பமும் கரைந்து போன மாதிரி இருந்தது.

சொருகினோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, காற்றெல்லாம் ஈரம். அவர் வெறும் தந்தியைத் தட்டினார். மணி. அடுத்த தந்தி, மணி. அத்தனை தந்தியும் பளிச்சென்று, ஒரு பிசிறு இல்லாமல். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டி அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு இடது கையைக் கொண்டுபோனார். ஆட்காட்டி விரலை வைத்தார், நன்றாக வந்தது. என்னைப் பார்த்தார். நடுவிரல், கொஞ்சம் கம்மியாக, ஆனால் வந்தது. மோதிர விரலை வைத்தார். டப். எடுத்து மறுபடி வைத்தார். டப். சுண்டு விரல் தந்தி வரைக்கும் போகவே இல்லை. மோதிர விரலை மறுபடி வைத்தார். டப். அவ்வளவு சுத்தமான பெட்டியில் அந்தச் சத்தம் ஒளிந்துகொள்ள ஒரு இடமும் இல்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வாரமும் அந்த மொரமொரப்புக்குள் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. ஒருவேளை விரல் வந்துவிட்டதோ, பெட்டிதான் மறைக்கிறதோ என்ற நம்பிக்கை. அதை நான் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டேன். சரி செய்தேனா, கெடுத்தேனா என்று தெரியாமல் நின்றேன்.

"இன்னும் எங்கயோ ஈரம் இருக்குங்க. திரும்பக் கழட்டிப் பாக்குறேன்" என்றேன். ஸ்குரூ டிரைவரைக்கூட எடுத்துவிட்டேன். பெட்டியில் எங்கும் ஈரம் இல்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

"வேணாம், விடு" என்றார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, தன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் அந்த விரலைப் பிடித்துத் தந்தி மேல் கொண்டுபோய் வைத்தார். கையை எடுத்துத் தட்டினார். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்து வைத்தார். சமையலறைக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"இந்தா" என்று கூப்பிட்டார். "சவுண்ட கொஞ்சம் கூட்டி வை. மழையில எனக்குக் கேக்கல."

திரும்பி வந்து குமிழைத் திருப்பினேன். செத்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவர் விரலை எடுத்து மறுபடி வைத்தார்.